சூடு போகும் வழி

வேகம் காணாமல் போவதில்லை. 140 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு வளைவுக்காக 60-க்கு இறங்கும்போது, இடையில் இருந்த வேகம் ஏறத்தாழ முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. அதில் பெரும்பங்கு முன் சக்கரங்களின் இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளுக்குப் போகிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடும் பெட்ரோலோடும் சேர்த்து ஏறத்தாழ 1000 கிலோ எடையுள்ள சின்ன கார். 140-லிருந்து 60-க்கு வர அது விடவேண்டிய சக்தி சுமார் 600 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இவ்வளவு போதும். அது ஏறத்தாழ மூன்று வினாடிக்குள் நடந்துவிடுகிறது. அடுத்த வளைவில் மறுபடி. அடுத்த சுற்றில் மறுபடி.

ஊருக்குள் 60-ல் போய் சிக்னலில் நிற்கும்போது உண்டாகும் சூடு இதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பிறகும் பச்சை விழும்வரை தட்டு ஆறிக்கொண்டிருக்கும்.

தினமும் ஆபீசுக்குப் போய்வரும் காரை ஒருநாள் டிராக்கில் ஓட்டத் தயார் செய்யும் வேலையில் நான் மனதில் வைத்துக்கொள்வது இந்த ஒரு கேள்வியைத்தான்: இந்தச் சூடு எங்கே போகும்? பிரேக் ஆயில், பேட், டயர், எஞ்சின் ஆயில், கடைசியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கும் உடம்பு, எல்லாவற்றுக்கும் கேள்வி ஒன்றே.

*

டிராக் இருப்பது இருங்காட்டுக்கோட்டையில். சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால். 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். அதே ஊரில்தான் ஹூண்டாய் தொழிற்சாலை. 1998-ல் முதல் சான்ட்ரோக்கள் வெளியே வந்தது அங்கிருந்துதான். வீட்டுக்கு வீடு நிற்கும் கார்கள் பிறக்கும் இடமும் அவற்றின் எல்லையைச் சோதித்துப் பார்க்கும் இடமும் இப்படி ஒரே ஊரில் அமைந்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன்னால் அவர்கள் பந்தயம் நடத்தியது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில். அங்கே அம்பாசடரும் பியட்டும் ஓடின. அன்றைக்கு இந்தியாவில் பெரும்பாலும் கிடைத்த கார்கள் அவைதான், அவற்றைத்தான் கழற்றி, இழைத்து, பூட்டி ஓட்டினார்கள். 1980-களின் கடைசியில் கோவையின் கரிவரதன் மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காருக்குள் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்குள் வந்தது அந்த வண்டியில்தான், 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். சந்தைக்கும் சினிமாவுக்கும் போய்வந்த வண்டியின் எஞ்சின் அது. நம் ஊரில் மோட்டார் பந்தயத்தின் வேர் வாசலில் நிற்கும் காரில்தான் இருக்கிறது. என் ஸ்விஃப்ட்டை அங்கே கொண்டுபோவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

*

முதல் வேலை பிரேக் ஆயில். செலவு குறைவு, தள்ளிப்போடுபவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இதைச் செய்யாமல் டிராக்குக்குள் போகக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பாவின் மூடி வழியாக, ரப்பர் ஹோஸ் வழியாக, மாதக்கணக்கில், சத்தமில்லாமல். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்துவிட்டால் எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230-ம் 155-ம். டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். கால் கொடுக்கும் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிட, பெடல் தரையைத் தொட்டுவிடும். வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

மெக்கானிக் அண்ணன் டப்பாவைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். வரக்காப்பி நிறத்தில் இருந்தது.

"எப்ப மாத்துனது தம்பி?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுண்ணே."

"ரோட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நீங்க போற இடத்துக்கு ஆகாது. ஏறி உட்காருங்க. நான் சொன்னா மிதிங்க. சொல்றவரைக்கும் காலை எடுக்கக் கூடாது."

அவர் இடது பின்சக்கரத்தில் தொடங்கினார். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதுதான் தொலைவு. நிப்பிளில் நிறமற்ற ட்யூபைச் செருகி, மறுமுனையைப் பழைய தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். பாட்டிலின் அடியில் ஏற்கெனவே கொஞ்சம் புது ஆயில், ட்யூப் நுனி மூழ்கும் அளவுக்கு.

"மிதிங்க. பிடிங்க." ஸ்பேனர் கால் சுற்றுத் திரும்பியது. என் காலுக்கடியில் பெடல் மெல்ல இறங்கியது. "பிடிங்க, பிடிங்க." நிப்பிளை மூடினார். "இப்ப விடுங்க."

அந்தக் கடைசிச் சொல் வருமுன் காலை எடுத்தால், திறந்திருக்கும் நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். செய்த வேலை வீண். ஒருவர் தரையில், ஒருவர் இருக்கையில், முகம் பார்க்காமல், குரலை மட்டும் நம்பி நடக்கும் வேலை இது. ட்யூபில் முதலில் கறுப்பாக வந்தது. பிறகு குமிழிகள், சின்னச் சின்னதாக, ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் வெளிறிய மஞ்சள். அண்ணன் உடனே நிறுத்திவிடவில்லை. மஞ்சள் வந்த பிறகும் இன்னும் சில மிதி. நடுநடுவே எழுந்து போய் டப்பாவில் ஆயிலை நிரப்பிவிட்டு வந்தார், ஏனென்றால் அது வற்றினால் மேலிருந்து காற்று இறங்கும். நான்கு சக்கரமும் முடிந்தபோது பெடல் முன்பு நின்ற இடத்துக்கு மேலேயே, கெட்டியாக நின்றது. அந்தக் கெட்டியைக் கால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாளை அது மாறினால் முதலில் தெரியவேண்டியது காலுக்குத்தான்.

*

பேட் விஷயத்தில் ஒரு நிதானம் தேவை. முழு ரேஸ் பேட் சூடேறிய பிறகுதான் நன்றாகக் கடிக்கும். காலையில் குளிர்ந்த பிரேக்கோடு தெருமுனையில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால் அது கடிக்காது. இந்த வண்டி திங்கட்கிழமை அந்தத் தெருமுனையைக் கடக்கப்போகிறது. ஆகவே ரோட்டுக்கும் ஒத்துவரும், கம்பெனி பேட்டைவிடச் சூடு தாங்கும் நடுத்தர ரகம் போதும். புதிதாய்ப் போட்டால் டிராக்குக்குப் போகுமுன் பழக்க வேண்டும்: ஆளில்லாத சாலையில் 80-லிருந்து 20-க்கு, முழுதாக நிறுத்தாமல், பல தடவை, பிறகு பிரேக் தொடாமல் ஆறவிட்டு ஓட்டம். பேட்டின் பொருள் தட்டில் சமமாகப் படிய இதுதான் வழி.

பின்னால் என் வண்டிக்கு டிரம். திறந்து, தூசி துடைத்து, லைனிங் பார்த்தாயிற்று. அங்கே பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை.

*

டயரின் பக்கச்சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டை ஆழமாக இருந்தும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ இருக்கும் டயரோடு டிராக் பக்கமே போகக் கூடாது.

காற்றைப் பற்றித்தான் எல்லோரும் வாதாடுவார்கள். எனக்குக் கணக்கே போதுமாக இருக்கிறது. 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ பிடித்த டயரின் உள்காற்று 70 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 39-ஐத் தாண்டிவிடும். ஆறு பிஎஸ்ஐ சும்மா ஏறிவிடுகிறது. அழுத்தம் கூடினால் டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறையும். பிடி நழுவும். அதனால்தான் டிராக்கில் காற்றைச் சூட்டில் பார்க்கிறார்கள். ஒரு செஷன் முடிந்து வந்ததும், ஆறுவதற்குள், கேஜை வைத்துக் கூடியதை விடுவார்கள். எவ்வளவுக்கு இறக்குவது என்பதை டயரின் தோளே சொல்லும். சாக்பீஸால் பட்டையின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டினால், எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கியிருக்கிறது. பக்கச்சுவரின் சின்ன முக்கோணக் குறியைத் தாண்டி அழிந்திருந்தால் காற்று போதவில்லை.

வீட்டுக்குத் திரும்புமுன் மறுபடி நிரப்ப வேண்டும். சூட்டில் விட்ட காற்று ஆறியதும் ரோட்டுக்குத் தேவையானதைவிடக் கீழே போய்விடும். களைப்பில் இதை மறப்பது எளிது, ஆகவே டாஷ்போர்டில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

*

வண்டியைக் காலி செய்தல். இதற்கு நான் நினைத்ததைவிட நேரம் பிடிக்கும், மனமும் பிடிக்கும்.

குடை. பாப்பாவின் தண்ணீர் பாட்டில். சீட்டுக்கடியில் ஒரு கலர் பென்சில், பாதி தின்ற கடலைமிட்டாய் உறையோடு. கோயில் குங்குமப் பொட்டலங்கள். சுங்கச்சாவடிச் சீட்டுகள், பாஸ்டாக் வருவதற்கு முந்தைய காலத்தவை. அப்பாவின் பழைய கண்ணாடிக் கூடு. ஒரு குடும்பம் பல வருடங்களாக இதற்குள் உட்கார்ந்து எழுந்த தடயம் கைக்கு வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு உள்ளே கொண்டுபோனேன். பிரேக் அழுத்தும்போதும் வளைவிலும் கட்டிவைக்காத எந்தப் பொருளும் பறக்கும். உருளும் பாட்டில் ஒன்று பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் மற்ற தயாரிப்பெல்லாம் பயனற்றது. டிரைவர் பக்கத்து மேட்டையும் எடுத்துவிட வேண்டும், அதே காரணம்.

டாஷ்போர்டில் பிள்ளையார். இரண்டு பக்க டேப்பில் ஒட்டியது. கத்தியை நெருப்பில் காட்டி மெல்ல நெம்பிக்கொண்டிருந்தேன்.

"அவரை ஏன்டா எடுக்கிற?" அம்மா வாசற்படியிலிருந்து.

"வெயில்ல டேப் இளகியிருக்கும்மா. கழண்டு கால்கிட்ட விழுந்தா ஆபத்து."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினாள். "குடு. சாமி அறையில வச்சிருக்கேன். நீ வந்ததும் ஒட்டிக்கலாம்."

ஸ்டெப்னியும் ஜாக்கியும் அங்கே போகும்வரை வண்டியில் இருக்கட்டும், 40 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இருக்கிறது. டிராக்கில் இறங்கியதும் எடுத்து நிழலில் வைத்தால் போதும்.

*

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயின்டோ. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் ராடின் முனை. கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினால் இன்னும் நன்றாகத் தெரிகிறது, கை கேட்பதற்கு இடம் கிடைக்கிறது. சக்கரத்தின் நட்டுகளை மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் முடுக்கி, ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் ஆறியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டில் இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும்போது அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூலண்ட், பெல்ட், ஹோஸ் கிளிப். ஏசியை அணைத்துவிட்டால் ரேடியேட்டரின் பாரம் குறையும்.

*

சேர்க்காதவற்றைப் பற்றியும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் முதலில் பணம் போவது அங்கேதான். ஏர் ஃபில்டர் மாற்றவில்லை. சைலன்சர் மாற்றவில்லை. வண்டியைத் தாழ்த்தவில்லை, பெரிய அலாய் வீல் போடவில்லை. இவை தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி என்ன செய்யும் என்று தெரியாத ஒருவர் அதை மாற்றினால், மாறியது எது என்றே அவருக்குத் தெரியப்போவதில்லை. சக்தி கூடினால் நேர்பாதையின் முடிவில் வேகம் கூடும். வேகத்தின் வர்க்கத்தில் சூடு கூடும். அதே பிரேக், அதே ஆயில். அந்தப் பணத்தைப் பக்கத்து இருக்கையில் ஒரு பயிற்சியாளரை உட்காரவைக்கக் கொடுப்பது எவ்வளவோ மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் சொல்லிவிட வேண்டிய இன்னொன்று இன்சூரன்ஸ். நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கிவைத்திருக்கின்றன. டிராக்கில் தகரம் நசுங்கினால் கைக்காசுதான். அதைத் தாங்க முடியும் என்று மனதார ஒப்புக்கொண்ட பிறகு போவது நல்லது. அந்த ஒப்புதல் இல்லாத கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடித்த கைக்குச் சாலை பேசுவது கேட்காது.

*

ஓட்டுபவருக்கும் சூடு ஏறுகிறது. ஜன்னல் திறந்திருக்கும், ஏசி கிடையாது, முழு ஹெல்மெட், பருத்திச் சட்டை, முழுக்கை. வெயில் ஏறியபின் 20 நிமிடம் ஓட்டினாலே முதுகு சீட்டோடு ஒட்டிவிடும். முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடிக்கத் தொடங்க வேண்டும். காலையில் இட்லி போதும், பிரியாணி மாலையில். ஷூவின் அடி மெல்லியதாக இருந்தால் பெடலின் கெட்டி காலுக்கு நன்றாகத் தெரியும்.

இருக்கையை நெருக்கமாக்கி, தோள் சீட்டில் பதிந்திருக்கக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கொடிகளை மனப்பாடம் செய்ய வேண்டும்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாக உள்ளே வா. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி, வழிவிடு. வழிவிடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ரோட்டில் நமக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை. இங்கே நேர்பாதையில் கையை வெளியே காட்டி ஒருவரை முன்னே அனுப்பிவிட்டால் மறுபடி டிராக் முழுவதும் நமக்கே.

கடிகாரம் வேண்டாம். இது பந்தயம் இல்லை.

*

முதல் சுற்றுகள் மெதுவாக. டயருக்கும் ஆயிலுக்கும் சூடு ஏற நேரம் வேண்டும். பிறகு வண்டி வேறொன்றாகத் திறந்துகொள்ளும். இத்தனை வருடம் பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்த இந்த வண்டிக்குள் இவ்வளவு துல்லியம் இருந்திருக்கிறது. நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, கண்ணை வளைவின் உள்முனைக்கு அனுப்பி, பிறகு கையைத் திருப்பினால், முன்டயர்கள் தாரைப் பிடித்து மூக்கை உள்ளே இழுப்பது தோள்வரைக்கும் தெரிகிறது. கண் போகும் இடத்துக்குக் கை தானாகப் போகிறது. அந்தச் சில நிமிடங்களில் மனதில் வேறு எந்த எண்ணமும் நிற்பதில்லை. ஆபீஸ் இல்லை, கடன் தவணை இல்லை. அடுத்த வளைவு, அவ்வளவுதான்.

அப்போதும் கால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்தால் பேட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று நீண்டால் ஆயில் கொதிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேகத்தைக் குறை, உள்ளே வா. டயர் கீச்சென்ற சத்தத்திலிருந்து உறுமலுக்கு மாறி, வழவழவென்று நழுவத் தொடங்கினால் அதற்கும் அதே பதில்.

கடைசிச் சுற்று குளிரவைக்கும் சுற்று. உயர்ந்த கியரில், பிரேக்கை முடிந்தவரை தொடாமல், காற்று தட்டுகளின் மேல் ஓட. இந்தச் சுற்றை நான் மிகவும் விரும்புகிறேன். வேகத்தில் பார்க்காதவையெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்: தாரில் எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், கொடிக்காரர் எந்த நிழலில் நிற்கிறார், எந்த வளைவின் வெளிப்புறத்தில் ரப்பர் துகள் குவிந்திருக்கிறது.

உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கைத் தொடக் கூடாது. கொதிக்கும் டிரம்மின் மேல் லைனிங் இறுகி உட்கார்ந்துவிடும். கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு நிற்கக் கூடாது. தட்டின் அந்த இடத்தில் பேட்டின் தடம் பதிந்து, பிறகு ஸ்டியரிங் நடுங்கும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பானெட்டைத் திறந்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும். பதினைந்து நிமிடம் கழித்தும் அடிக்கும்.

*

பேட்டை அளக்கும் வேலை மீதி. உள்பக்கத்துப் பேட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாதது அதுதான். வெளிப்பக்கத்தைவிட அது மிகுதியாகத் தேய்ந்திருந்தால் காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும், அடுத்த டிராக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மதியம் காலியாக இருக்கிறாராம். பிரேக் ஆயிலையும் அன்றைக்கே இன்னொரு முறை மாற்றிவிடலாம் என்றார்.